பட்டறையில் நன்றாக ஓடும், மலையில் நின்றுவிடும்: பழைய பிக்கப்பில் கோளாறு தேடும்போது செய்யக் கூடாதவை

பட்டறையில் விட்டால் மணிக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும், லோடு ஏற்றி மலையில் பாதி தூரம் ஏறியதும் ஆஃப் ஆகி நிற்கும். பழைய பிக்கப் வைத்திருப்பவர்களில் இந்தத் தொல்லையைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்வது இதைவிடச் சுலபம், கெட்டது கெட்டபடியே இருக்கும், நிதானமாகத் தேடி எடுத்துவிடலாம். விட்டு விட்டு வருகிற கோளாறில் நாம் தேடுகிற விதமே நம்மை ஏமாற்றிவிடுகிறது. நான் நான்கு மாதம் அலைந்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிய காமன் ரயில் டீசல் பிக்கப், அதாவது ஹை பிரஷர் டீசலை ‘ரயில்’ என்கிற ஒரே பொதுக் குழாயில் தேக்கி, சிலிண்டரில் தெளிக்கிற இன்ஜெக்டர்களுக்கு அனுப்புகிற வகை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு உர மூட்டை ஏற்றிப்போவேன், இறங்கும்போது கேரட், முட்டைக்கோஸ். மழைக்காலம் முடிந்த சமயம், ஏற்றத்தில் செகண்ட் கியரில் இழுத்துக்கொண்டிருக்கும்போது யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது போல இன்ஜின் நின்றது. ஓரங்கட்டி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்து இருபது நிமிஷம் காத்திருந்து செல்ஃப் அடித்தேன், உடனே பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் மறுபடியும். டீசல் ஃபில்டர் மாற்றினோம், இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சிக்னல் கொடுக்கிற கிராங்க் சென்சார் மாற்றினோம், இன்ஜினுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடுகிற மெயின் ரிலே மாற்றினோம், கடைசியில் ஹை பிரஷர் பம்ப்பையே கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு வண்டி அருமையாக ஓடியது. ஒரு தடவை பத்து நாள், ஒரு தடவை மூன்று வாரம்.

பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. பாகம் மாற்றியதும் வண்டி ஓடினால் அந்தப் பாகம்தான் காரணம் என்று நம்பிவிடுகிறோம். பத்து நாளுக்கு ஒரு முறை வருகிற கோளாறு, நாம் எதையுமே தொடாவிட்டாலும் ஒன்பது நாள் வராது. அப்புறம் இன்னொன்று, ஒரு சென்சாரை மாற்ற வேண்டுமென்றால் கப்ளரை (வயரைச் சென்சாரோடு சேர்க்கிற பிளக்) கழற்றி மாட்ட வேண்டும், வயரை இழுத்துத் தள்ளி வைக்க வேண்டும். அந்த அசைவிலேயே கப்ளரின் உலோகப் பின்னில் படிந்திருந்த பச்சைத் துரு உரசிப் போயிருக்கலாம், உள்ளே விட்டுப்போன வயர் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாராட்டு மட்டும் புதுச் சென்சாருக்குப் போய்விடும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கோளாறு வழக்கமாக வருகிற இடைவெளியைப் போல மூன்று மடங்கு நாளாவது அதே லோடு, அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்த பிறகு பேசுங்கள். கழற்றிய பழைய பாகத்தைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதைத் திரும்ப மாட்டினால் கோளாறும் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதைப் போல உறுதியான சோதனை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அடுத்தது, நம்முடைய பழக்கத்தையே வண்டியின் அறிகுறியாக எடுத்துக்கொள்வது. “சூடானால் நிற்கிறது, ஆறினால் எடுக்கிறது” என்று நான் எல்லா மெக்கானிக்கிடமும் சொன்னேன், அவர்களும் சூட்டில் கெடுகிற பாகங்களாகத் தேடிப் பிடித்து மாற்றினார்கள். யோசித்துப் பார்த்தால் நான் ஒரு தடவைகூட நின்ற உடனே செல்ஃப் அடித்துப் பார்த்ததில்லை! நின்றதும் இறங்குவேன், பானெட்டைத் திறப்பேன், தண்ணீர் குடிப்பேன், இருபது நிமிஷம் கழித்துத்தான் அடிப்பேன். ஆறியதால் எடுத்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? நான்கு மாதம் கழித்து ஒரு நாள் நின்ற கையோடு சாவியைத் திருப்பினேன், ஒரே அடியில் எடுத்தது. அந்த ஒரு நொடியில் என் கதை முழுவதும் மாறிப்போனது. சூட்டில் கெடுகிற கிராங்க் சென்சாரும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அது ஆற நேரம் எடுக்கும், உடனே எடுக்காது.

ஆகவே வண்டி நின்ற அந்த முதல் ஒரு நிமிஷம்தான் உங்களுக்குக் கிடைக்கிற தங்கமான நேரம், அதைப் பதற்றத்தில் வீணாக்காதீர்கள். பாதுகாப்பாக ஓரங்கட்டிய பிறகு பார்க்க வேண்டியவை இவை. எப்படி நின்றது? சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம், அதாவது சென்சார், ரிலே, சப்ளை, எர்த் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் சேஸிஸோடும் சேர்க்கிற இணைப்பு). இழுவை குறைந்து, திக்கித் திணறி, குலுங்கி நின்றால் டீசல் பக்கம். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பூஜ்யத்துக்கு விழுந்ததா? இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கிறது, முள் மட்டும் விழுந்தது என்றால் கிராங்க் சிக்னல் போகிறது அல்லது மொத்த சப்ளையும் போகிறது என்று அர்த்தம். செல்ஃப் அடிக்கும்போது முள் கொஞ்சமாவது அசைகிறதா என்பதையும் பாருங்கள், பல வண்டிகளில் இது நல்ல துப்பு. டேங்க் மூடியைத் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள், இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

இதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். தேதி, நேரம், டேங்கில் எவ்வளவு டீசல், ஏற்றமா இறக்கமா, எந்த கியர், லோடு இருந்ததா, ஹெட்லைட் எரிந்ததா, மழையா. ஆறு தடவை எழுதினாலே போதும். என் நோட்டில் ஆறும் ஏற்றம், ஆறும் லோடோடு, அதில் ஐந்து இடது வளைவில் முறுக்கி ஏறும்போது. நினைவில் இருந்து சொன்னபோது “சும்மா எப்பவாவது நிற்கிறது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டியில் பதிவான கோளாறு கோடைப் படிக்கிற ஸ்கேனர் காட்டுவதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு, இது பட்டறைகளில் நிறைய நடக்கிறது. பி0335 என்று கோட் வந்தால் கிராங்க் சென்சார் போச்சு என்று உடனே ஸ்பேர் வாங்க ஆள் அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கோட் சொல்வது கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும். சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கப்ளர், அங்கிருந்து இசியூ (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) வரை போகிற வயர், இசியூவில் இருக்கிற பின் என எல்லாமும் சேர்ந்தது. பி0087 என்று ரயில் பிரஷர் குறைவாகக் காட்டினாலும் அதேதான், அடைத்த ஃபில்டரும் அதைக் கொண்டுவரும், காற்று இழுக்கிற ஹோஸும் கொண்டுவரும், தேய்ந்த பம்ப்பும் கொண்டுவரும், இதில் விலை குறைந்ததிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. கோட்டை அழிப்பதற்கு முன்னால் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நேரத்தில் இன்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்பதைப் பல வண்டிகள் கோட்டோடு சேர்த்தே வைத்திருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றினாலும் போகலாம்.

வயர் சோதனைக்கு வருவோம், நான் கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது. மல்டிமீட்டரை வைத்து ‘பீப்’ சத்தம் வந்தால் வயர் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். இருபது இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனென்றால் அது அனுப்புகிற கரண்ட் மிகவும் சொற்பம். சப்ளை வயரையும் எர்த் வயரையும் சோதிக்க பிரேக் லைட்டுக்குப் போடுகிற 21 வாட் பல்பு ஒன்று போதும், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பக்கமும் கப்ளரைக் கழற்றிவிட்டு அந்த வயர் வழியாகப் பல்பை எரியவிடுங்கள், பிரகாசமாக எரிந்தால் வயர் தேறும், மங்கினால் உள்ளே அறுந்திருக்கிறது. மெல்லிய சென்சார் வயருக்கு 5 வாட் பல்பு போதும். எர்த்துக்கு வேறு வழியும் இருக்கிறது, இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வோல்ட் பாருங்கள், 0.2க்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். பழைய வண்டியில் சேஸிஸ் எர்த் துருப்பிடித்து நிற்பது ரொம்பச் சாதாரணம்.

ஆனால் கப்ளர் மாட்டியிருக்கும்போது இசியூவுக்குப் போகிற வயரில் டெஸ்ட் லாம்ப்பைக் குத்தாதீர்கள். பழைய இன்ஜினில் பழகிய கை புது இன்ஜினில் செய்கிற சேதம் கொஞ்சநஞ்சமில்லை. ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள், அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி இசியூவையே எரித்துவிடலாம். மீட்டர் வைத்து 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம். அதைவிட ஆபத்தானது, ஏர் எடுக்கிறேன், அதாவது டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிறேன் என்று காமன் ரயில் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துவது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் அப்படித்தான் செய்வார்கள். இதில் உள்ளே இருப்பது ஆயிரம் பாருக்கும் மேல் போகிற பிரஷர், டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பார்க்கச் சின்னப் புள்ளியாக இருந்தாலும் கையை எடுக்க வேண்டிய நிலை வரலாம். தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள்.

டீசல் பக்கம் ஒன்றே ஒன்று. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற லைன் என்பதால், பல வண்டிகளில் ஹோஸ் வெடித்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். “எங்கேயும் லீக் இல்லை” என்று கீழே பார்த்துச் சொல்வது அதனால்தான் பலிப்பதில்லை. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற ட்யூப் போட்டு ஓட்டிப் பாருங்கள், குமிழ் வருவது கண்ணுக்கே தெரியும்.

இத்தனைக்கும் நடுவில், கோளாறு தீராத வண்டியில் முழு லோடு ஏற்றி மலை இறங்காதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் நின்றுபோகும், இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் வண்டியில் கடைசியில் எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். நோட்டைப் பார்த்த ஒரு வயதான எலக்ட்ரீஷியன், “முறுக்கும்போதுதானே நிற்குது, அப்ப வயரைப் பாருப்பா” என்றார். வீட்டு வாசலில் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் பெல்ட்டுக்குக் கை போகாத பக்கமாக நின்று, வயர் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக மெல்ல அசைத்துக்கொண்டே போனோம். இன்ஜினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் சேர்கிற இடத்தில் ஒரு பிராக்கெட்டை ஒட்டி வளைகிற வயரைத் தொட்டதும் இன்ஜின் நின்றது. விட்டால் எடுத்தது, அசைத்தால் நின்றது. டேப்பைப் பிரித்தால் மேல் உறை முழுசாக இருக்கிறது, ஒரு கீறல் இல்லை, ஆனால் அந்த இடத்தில் மட்டும் வயர் நூல் மாதிரி துவண்டு மடிந்தது. உறையை வெட்டினால் உள்ளே செம்பு பச்சைத் தூளாகக் கொட்டியது, இரண்டு இழைதான் மிச்சம்.

வயரை ஒட்டுப்போட்டதோடு அவர் விடவில்லை. இன்ஜின் ஏன் அவ்வளவு அசைகிறது என்று கேட்டு, கை பிரேக்கைப் போட்டு கிளட்சை லேசாக விடச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது, இன்ஜினைத் தாங்குகிற மவுன்ட் ரப்பர் கிழிந்து கிடந்தது. ஏற்றத்தில் முறுக்கும்போதெல்லாம் அந்த வயர் இழுபட்டிருக்கிறது. மவுன்ட்டை மாற்றி, வயருக்குக் கொஞ்சம் தொய்வு விட்டு, ஸ்லீவ் போட்டு பிராக்கெட்டில் உரசாமல் கட்டினோம். அப்புறம் நான்கு மாதத்துக்கு முன் கழற்றிப்போட்ட பழைய கிராங்க் சென்சாரையே திரும்ப மாட்டினேன். இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, அதிலேயே ஓடுகிறது. புதிதாக வாங்கியது டூல் பாக்ஸில் கிடக்கிறது.