குமரிச் சாப்பாட்டுக்குப் புதியவரா? முதல் வாயிலிருந்து ஒரு வழிகாட்டி

வேலை மாற்றலாகி நாகர்கோவிலுக்கு வந்தவர்கள், இங்குள்ள கல்லூரிகளில் சேர்ந்த பிள்ளைகள், திருமணமாகிக் கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்து சேர்ந்த மருமகள்கள், மருமகன்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்குள்தானே இருக்கிறோம், பிறகு ஏன் இலையில் பாதி தெரியாத பொருளாக இருக்கிறது என்று இவர்கள் திகைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். திகைப்பில் நியாயம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் நெடுங்காலம் இது திருவிதாங்கூர். எல்லைக்கோடு மாறியது, அடுப்படி மாறவில்லை.

புதிய உணவு ஒன்று பிடிக்காமல் போனால் பழியை உடனே அதன்மேல் போட்டுவிடுகிறோம். அது எந்தத் துணையோடு வந்தது, எந்தப் பருவத்தில் வந்தது, எவ்வளவு வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. குமரி உணவில் இந்த மூன்றும்தான் எல்லாம். அதனால் எதை முதலில் சாப்பிடுவது, எதை ஒத்திப்போடுவது என்று ஒரு வரிசை சொல்கிறேன். ஒரு வேளைக்கு ஒரே ஒரு புதிய உணவு என்பதை மட்டும் தொடக்கம் முதல் கடைப்பிடியுங்கள். நான்கைந்தை ஒன்றாகச் சாப்பிட்டால் எது பிடித்தது என்றும் தெரியாது, ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்றும் தெரியாது.

முதல் படி: மட்டிப் பழம்

பயம் இல்லாத இடத்தில் தொடங்குவோம். வடசேரி சந்தைக்கோ, ஊரில் ஏதாவது ஒரு பழக்கடைக்கோ போய் மட்டி கேளுங்கள். விரல் போலச் சிறுத்து, நுனி கூர்மையாக வளைந்திருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. இங்கே கைக்குழந்தைகளுக்கு முதலில் ஊட்டும் பழமும் இதுதான். வயிற்றுக்கு அவ்வளவு இணக்கமானது. தோல் முழுவதும் மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று இருக்கும்போது உரியுங்கள். காயாக இருக்கும்போது தின்றுவிட்டு மட்டியைக் குறை சொல்லக் கூடாது.

இந்தப் பழத்தை வைத்தே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு துண்டை வாயில் போட்டு, வாயை மூடி மெதுவாக மென்று, மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பும் புளிப்பும் போன்ற சில சுவைகள்தான். மற்றதெல்லாம் தொண்டையின் பின்புறமாக மூக்குக்குப் போகும் மணம். மட்டியின் மணம் அப்போதுதான் முழுமையாகத் தெரியும். இனி வரும் எல்லாவற்றையும் இப்படியே சுவைத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: தேங்காயெண்ணெய்

வெளியூர்க்காரர்கள் உண்மையில் தடுக்கி விழும் இடம் இதுதான். மீனையும் கிழங்கையும்விட இந்த எண்ணெய்தான் பெரிய தடை. காரணம் எளிது. மதுரையிலோ கோவையிலோ வளர்ந்தவருக்குத் தேங்காயெண்ணெய் என்றால் தலைமுடி. சிறு வயதிலிருந்து குளியலறையோடு சேர்த்து மூக்கில் பதிந்த மணம் திடீரென்று அவியலில் எழும்போது மனம் மறுக்கிறது. எண்ணெயில் குறை எதுவும் இல்லை. பழைய பழக்கம் குறுக்கே நிற்கிறது. ஆகவே அந்த மணத்துக்கு இன்னொரு நினைவை உண்டாக்க வேண்டும்.

அதற்கு நேந்திரங்காய் சிப்ஸைப் போல உதவும் பொருள் வேறில்லை. நாகர்கோவிலில் கடை வாசலிலேயே பெரிய இரும்புச் சட்டியில் தேங்காயெண்ணெய் காய, காயை நேராக அதன்மேல் சீவிப் போடுவார்கள். உப்புக் கரைத்த நீரைக் கொதிக்கும் எண்ணெயில் தெளித்ததும் சடசடவென்று ஓர் இரைச்சல் எழும்; அது அடங்கும்போது அரித்து எடுப்பார்கள். சூடாக நூறு கிராம் வாங்குங்கள். மொறுமொறுப்பும் உப்பும் சேர்ந்திருப்பதால் எண்ணெயின் மணம் உறுத்தாது. சில நாள் இப்படித் தின்ற பிறகு, பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றிய அவியலுக்குப் போங்கள். ஆவி பறக்கும்போது மணம் தூக்கலாக இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள்.

அடுத்து உள்ளித் தீயல், அதாவது சின்ன வெங்காயக் குழம்பு. கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும் இந்தக் குழம்பைப் பார்த்து, கருகிப் போனதை ஊற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தேங்காய்த் துருவலைச் சிறு தீயில் விடாமல் கிளறிச் செம்பழுப்பாக வறுத்து, மல்லியும் மிளகாயும் சேர்த்து எண்ணெய் பிரிய அரைப்பதால் வரும் நிறம் அது. கைப்பக்குவம் இல்லாதவர் வறுத்தால் உண்மையிலேயே கசக்கும். எனவே முதல் தீயலை, நன்றாகச் சமைப்பவர் என்று ஊரில் பெயர் எடுத்த ஒருவர் வீட்டில் சாப்பிடுங்கள். சம்பா அரிசிச் சோற்றோடு சாப்பிடுவது முக்கியம். பருமனான அந்தச் சோறு முதலில் நெருடும், ஆனால் தீயலைத் தாங்க அதுதான் சரி.

மூன்றாம் படி: மரச்சீனிக் கிழங்கு

வெளியூரில் மரவள்ளி எனப்படும் இதை நீங்களே சமைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் கையால் தொட்டுச் செய்த பொருளிடம் பயம் இருக்காது.

தென்னமெரிக்காவில் பிறந்த இந்தக் கிழங்கை 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பானியர் வசம் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, இந்தப் பகுதியின் பசியைப் பெருமளவு தாங்கியது கிழங்குதான். இங்குள்ள முதியவர்கள் கிழங்கை மரியாதையோடு பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்கு பேருக்கு ஒரு கிலோ போதும். அன்று பிடுங்கியது கிடைத்தால் மிக நல்லது. ஒடித்துப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமோ கறுப்போ கோடாக ஓடியிருந்தால் பழையது. தோல் இரண்டு அடுக்கு. மேலே மெல்லிய பழுப்புத் தோல், அடியில் சற்றுத் தடித்த தோல். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, விரலால் நெம்பினால் இரண்டும் சேர்ந்தே சுருண்டு வரும். துண்டுகளாக நறுக்கி, நடுவில் ஓடும் நாரை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று முறை கழுவுங்கள்.

இப்போது கவனமாகப் படியுங்கள். மரச்சீனியில் இயற்கையாகவே லினமாரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதிலிருந்து சயனைடு உண்டாகும். கிழங்கைப் பச்சையாகத் தின்னவே கூடாது. துண்டுகள் நன்றாக மூழ்கும்படி நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்க வையுங்கள். கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு மறுபடி வேக வையுங்கள். துண்டுகள் வெடித்து மலரும்போது வடித்துவிடுங்கள். குழம்பில் நேராக வேக வைக்கும் குறுக்கு வழி வேண்டாம். வெந்த பிறகும் கசந்தால் துப்பிவிட்டு, முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

வெறும் கிழங்கை வாயில் போட்டால் மாவாகத் தொண்டையில் அடைக்கும். பிடிக்காதவர்கள் பெரும்பாலும் அப்படிச் சாப்பிட்டவர்கள்தான். அதற்குத் துணை வேண்டும். மீன் சாப்பிடாதவர்கள் காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி, உப்பு மூன்றையும் அம்மியில் நசுக்கி, சிறிது தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள். காந்தாரி குண்டூசி போலக் குத்தும். முதல் முறை ஒரே ஒரு மிளகாய் போதும். இரண்டாம் படியில் எண்ணெயோடு ஏற்பட்ட பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

நான்காம் படி: மீன்

மீனே சாப்பிடாதவர்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். கடல் மீனுக்கு மட்டும் புதியவர் என்றால் நெத்திலி அவியலில் தொடங்குங்கள். தேங்காயை ஒன்றிரண்டாக அரைத்து, மாங்காய்த் துண்டு போட்டு, தளதளவென்று வற்ற வைப்பது. மீன் வாடைக்கு முக்கியக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. புளிப்பு அதைக் கட்டிப்போடும். மாங்காய், புளி, குடம்புளி ஆகிய மூன்றில் ஒன்று இல்லாமல் இங்கே மீன் அடுப்பேறாததன் பயன் அதுவே.

பிறகு சாளை, அதாவது மத்தி மீன். கிழங்கும் சாளைக் குழம்பும் சேர்ந்தால் அதற்கு ஈடு இல்லை என்று மனதாரச் சொல்வேன். ஆனால் முள்ளுக்குப் பயந்தே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். முள் எடுக்கும் விதம் இது: மீனைப் படுக்க வைத்து, முதுகு ஓரத்தை விரல்களால் மெல்ல அழுத்துங்கள், சதை இரண்டாகப் பிரியும். மேல் பாதியை வழித்து எடுத்துக்கொண்டு, வால் பக்கமிருந்து நடுமுள்ளைப் பிடித்துத் தூக்கினால் தலைவரை ஒரே சரமாக வந்துவிடும். வயிற்றுப் பக்கத்து நுண்முள்ளை விரலால் தடவிப் பொறுக்கிவிட்டு, கிழங்கோடு பிசைந்து சாப்பிடுங்கள். அவசரமும் பேச்சும் அப்போது வேண்டாம். தொண்டையில் முள் மாட்டினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வார்கள். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தக்கூடும், மருத்துவரிடம் போவதே நல்லது.

வாங்கும்போது கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அயிலை, சூரை, சாளை போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். முதல் முறையே இப்படி ஆனால் அந்த மீனை வாழ்நாள் முழுவதும் வெறுத்துவிடுவீர்கள். விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தையும் நினைவில் வையுங்கள். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாள்களில் எங்கிருந்து வந்த மீன் என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: சிப்பி

இதை மீனுக்கும் பின்னால் வைத்ததற்குக் காரணம் ஒவ்வாமைப் பயம். கடியபட்டணம் போன்ற ஊர்களில் மீனவர்கள் மூச்சடக்கி மூழ்கி, அலை மோதும் பாறையிலிருந்து பெயர்த்து எடுத்து வருவது. அந்த உழைப்புக்காகவே ஒரு முறையாவது சாப்பிட வேண்டும்.

ஓட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். வாய் பிளந்து, தட்டியும் மூடாத சிப்பி செத்தது; எறிந்துவிடுங்கள். மூடி போட்டுச் சில நிமிடம் ஆவியில் வைத்தால் மற்றவை திறக்கும். திறக்காததை நெம்பிப் பார்க்க வேண்டாம், அதையும் எறியுங்கள். உள்ளே சதை ஆரஞ்சு நிறமாக இருந்தால் பெண், வெளிறி இருந்தால் ஆண். இரண்டும் சாப்பிடக்கூடியவை, நிறத்தைக் கண்டு ஒதுக்காதீர்கள். பாறையைப் பற்றிக்கொள்ள அது வைத்திருக்கும் நார்க்கற்றையைப் பிடுங்கிவிட்டு, தேங்காய்ப் பல், உள்ளி, மிளகு, கறிவேப்பிலையோடு வறுக்க வேண்டும். அதிக நேரம் வறுத்தால் ரப்பராகிவிடும்.

முதல் நாள் ஒரே ஒரு சிப்பி. உதடு தடித்தாலோ, உடல் அரித்தாலோ அத்தோடு நிறுத்துங்கள். மூச்சு இறுகினால் உடனே 108-ஐ அழையுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: அக்கானி

வெளியூரில் பதநீர் என்பதை இங்கே அக்கானி என்போம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு வாடைதான் புதியவர்களைத் துணுக்குற வைக்கும். காலையில் இறக்கியதும் பனையோலைப் பட்டையில் வாங்கி, நுங்கை அதில் பிய்த்துப் போட்டுக் குடியுங்கள். ஓலை மணம் சுண்ணாம்பை மறைத்துவிடும். இனிப்பு அதிகம், சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றதல்ல. பாட்டிலில் அடைத்து மதியம் விற்பதை வாங்க வேண்டாம்.

பிடிக்காவிட்டால்

ஒரே உணவை வற்புறுத்தாமல், சிறிது சிறிதாக, பல முறை சுவைக்கக் கொடுத்தால் குழந்தைகள் மெல்ல ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெரியவர்களுக்கும் இதுவே நல்ல வழி. சில வாரம் விட்டு, உருவத்தை மாற்றிக் கேளுங்கள். சாளைக் குழம்பு ஒத்துவரவில்லையென்றால் பொரித்த சாளை. வேக வைத்த கிழங்கு வேண்டாமென்றால் தேங்காய் அரைத்துப் போட்டு மசித்தது. உள்ளித் தீயல் கசந்தால் கத்தரிக்காய்த் தீயல். அப்போதும் வேண்டாமென்று தோன்றினால் நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

விருந்துக்குப் போன வீட்டில் இதைச் சொல்வதுதான் பலருக்குச் சங்கடம். "இன்னும் இரண்டு துண்டு எடு, மக்களே" என்று பாட்டி கரண்டியோடு நிற்பார். முகத்தைச் சுளிக்காமல், இலையின்மேல் கையைக் குறுக்கே வைத்து, "இது போதும் பாட்டி, அந்தக் கிழங்கை இன்னும் கொஞ்சம் வையுங்கள்" என்று பிடித்ததைக் கேட்டு வாங்குங்கள். இறுதியில் வரும் பாயசத்துக்கு இடம் வைத்திருங்கள். அதை இலையிலேயே ஊற்றுவார்கள்; ஒரு மட்டிப் பழத்தையும் பப்படத்தையும் அதோடு பிசைந்து, ஓரம் தாண்டி ஓடும் முன் கையால் வழித்துச் சாப்பிட வேண்டும்.