படுகொலையைப் படமாக்கும்போது காமிராவை எங்கே நிறுத்துவது

வெகுமக்கள் படுகொலையைப் பற்றிப் படம் எடுக்க முனைபவர், திரைக்கதைக்கு முன்பே, காமிரா யார் நிற்கும் இடத்தில் நிற்கப்போகிறது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் 1975 முதல் 1979 வரை நடத்திய ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் மாண்டனர். தலைநகர் புனோம் பென்னில் இருந்த ஒரு பள்ளிக்கூடம் துவோல் ஸ்லெங் சிறையானது. அங்கே கொண்டுவரப்பட்டவர்களைச் சிறை நிர்வாகமே புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்த்தது.

ஆகவே அந்தப் படங்கள் கொன்றவர்கள் எடுத்தவை. அவற்றைப் பயன்படுத்துவதானால், யார், எதற்காக எடுத்தார்கள் என்பதைப் பின்னணிக் குரலிலோ எழுத்திலோ சொல்லிவிடுங்கள். கண்களை நோக்கி மெல்ல நெருங்காதீர்கள். பின்னணியில் வயலினை இழைய விடாதீர்கள். சட்டையில் குத்தியிருக்கும் எண்ணை வெட்டி எறியாதீர்கள். 2021-இல் ஒருவர் இப்படங்களுக்கு வண்ணம் பூசியதோடு சிலர் முகத்தில் சிரிப்பையும் வரவழைத்தார். கம்போடியப் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்தது. வெளியிட்ட இணையதளம் அவற்றை நீக்கியது. இறந்தவரை அழகுபடுத்துவதும் ஒருவகையில் அவரை அழிப்பதுதான்.

நடந்ததை மீண்டும் நடித்துக் காட்டும் மீள்நடிப்பில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். இதற்கு, கம்போடிய இயக்குநர் ரிதி பான் துவோல் ஸ்லெங் பற்றி 2003-இல் வெளியிட்ட ஆவணப்படத்தின் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன். கெமர் ரூஜ் ஆட்சியில் பெற்றோரை இழந்தவர் அவர். சிறையின் முன்னாள் காவலாளி ஒருவர், அன்றாடம் செய்த வேலையை வெற்று அறையில் செய்து காட்டுகிறார்: பூட்டைச் சரிபார்க்கிறார், தரையில் கிடப்பதாக எண்ணிக்கொண்ட கைதிகளை அதட்டுகிறார். அவர் உள்ளே போகிறார். காமிரா மட்டும் வாசலைத் தாண்டுவதில்லை. பின்தொடர்ந்து நுழைந்திருந்தால், அங்கே படுத்திருந்தவர்கள் மீது நாமும் நடந்திருப்போம். நடிகரோ ரத்தமோ இல்லாமல், உடல் பழக்கத்திலிருந்தே குற்றம் வெளிப்படுகிறது.

உங்கள் படத்தில் சித்திரவதைக் காட்சி இருந்தால், அதை எடுத்துவிட்டால் பார்வையாளருக்கு எந்தத் தகவல் குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் குறையவில்லையெனில் அந்த ஷாட் வேண்டாம். படச்சான்றே இல்லாத இடங்களுக்கு வேறு வழிகள் உண்டு: தம் இளமைக்கால நினைவுகளைச் சொல்ல ரிதி பான் 2013-இல் களிமண் பொம்மைகளைப் பயன்படுத்தினார். அசையாத அந்தப் பொம்மைகள், எலும்பும் தோலுமாக ஒப்பனை செய்யப்பட்ட துணை நடிகர்களைவிட நேர்மையானவை என்பது என் கருத்து.

உயிர் பிழைத்தவரிடம் ஒப்புதலை இருமுறை பெறுங்கள்: பதிவுக்கு முன் ஒருமுறை, படத்தொகுப்பு முடிந்தபின் மறுமுறை. அழுகை வரும்வரை கேள்வியை நீட்டாதீர்கள். குற்றம் செய்தவரைப் பேட்டி எடுத்தால், அவர் சொல்வதைச் சிறைக் கோப்புகளோடும் பிழைத்தவர்களின் வாக்குமூலத்தோடும் ஒப்பிடாமல் தனித்து ஓடவிடாதீர்கள். முதல் திரையிடல் திரைப்பட விழாவில் வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு, அவர்கள் மொழியில், கேள்வி கேட்க நேரம் ஒதுக்கி நடத்துங்கள். தம் தாயின் முகம் வரும் ஷாட் வேண்டாமென்று ஒருவர் சொன்னால், எவ்வளவு நல்ல ஷாட்டானாலும் வெட்டிவிடுங்கள்.