ஐப்பசி, கார்த்திகையில் பறவை பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மழை விட்ட மறுநாள் காலையில் சென்னைப் பள்ளிக்கரணை சதுப்புநிலச் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "இதெல்லாம் ஆஸ்திரேலியாவில இருந்து வந்ததுங்களா?" அவர்கள் கைகாட்டும் இடத்தில் பெரும்பாலும் கூழைக்கடாவோ நத்தைக்குத்தி நாரையோ நிற்கும். இரண்டும் நம்மூர்ப் பறவைகள். தண்ணீரைத் தேடி ஏரி விட்டு ஏரி மாறும். வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பெரிய பறவை என்றாலே வெளிநாடு என்று நினைப்பதால், உண்மையிலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவை கண்ணில் படாமல் போகின்றன. சேற்றில் வாலை ஆட்டியபடி ஓடும் உள்ளான், வேலிமுள்ளில் உட்கார்ந்திருக்கும் பழுப்புக் கீச்சான் எல்லாம் ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான்.

அடுத்தது காலம். "சீசன் பொங்கலுக்கு அப்புறம்தானே?" என்று காத்திருக்க வேண்டாம். உள்ளான் வகைகள் ஆகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், கணுக்கால் அளவுத் தண்ணீரில் மேயும் இந்தச் சின்னப் பறவைகளுக்கு அங்கே இடம் இருக்காது. பறவையே இல்லை என்று திரும்பிவிடாமல், மதுராந்தகம் பக்கம் சேடை ஓட்டிய, அதாவது நடவுக்காகத் தண்ணீர் விட்டுச் சேறாக உழுத, வயல்களைப் பாருங்கள். வேடந்தாங்கல் வரை போய்விட்டுப் பக்கத்திலிருக்கும் கரிக்கிலி சரணாலயத்தைப் பார்க்காமல் வருவதும் இப்படித்தான். வேடந்தாங்கலில் மரத்தில் கூடு கட்டுபவை அதிகம். வாத்துகளும் உள்ளான்களும் விரும்பும் திறந்த, ஆழமில்லாத நீர் கரிக்கிலியில்தான். பள்ளிக்கரணையோடு சேர்த்து இந்த மூன்றுமே 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தவை.

நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் எழுதுவது அதிகம் நடக்கும் தவறு. கொக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உண்ணிக்கொக்குக்குத் தலையிலும் கழுத்திலும் செம்மஞ்சள் பூசியிருக்கும். அது இனப்பெருக்கக் காலத்துக் கோலம். கார்த்திகையில் அது முழு வெள்ளை. அப்போது அலகைப் பாருங்கள்: உண்ணிக்கொக்குக்குக் குட்டையான மஞ்சள் அலகு, சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், விரல்கள் மட்டும் மஞ்சள். நடுத்தரக் கொக்கும் பெரிய கொக்கும் தனித்தனியே நின்றால் உயரம் உதவாது. வாய்ப்பிளவு கண்ணுக்குக் கீழே முடிந்தால் நடுத்தரம்; கண்ணையும் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரியது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். சந்தேகம் தீரவில்லையா? "கொக்கு" என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அது நேர்மையான பதிவு.

வானில் பறந்தபடியே பூச்சி பிடிக்கும் தகைவிலானையும் (swallow) உழவாரனையும் (swift) குழப்பிக்கொள்பவர்களுக்கு ஒரு சுலப வழி: மின்கம்பியில் உட்கார்ந்தால் தகைவிலான். உழவாரனின் காலுக்குக் கம்பியில் உட்கார வராது.

படத்துக்காகக் கைதட்டிப் பறவைக் கூட்டத்தைக் கலைப்பவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. மழைக்குப் பின் ஜோடிகள் கிளை தேர்ந்து குச்சி சேர்க்கும் நேரம் அது. முட்டை வைத்த பறவை எழுந்தால் காகம் முந்திக்கொள்ளும். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலேய கலெக்டரிடம் முறையிட்டுப் பறவைகளைச் சுடும் துப்பாக்கிகளை விலக்கிய ஊர் வேடந்தாங்கல்.

கடைசியாக, ஆறுமணிக் குருவி. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு இரவில் பறந்து வரும் இது, களைத்தோ கண்ணாடியில் மோதியோ நகரத்து வீட்டு வாசலில் விழுந்து கிடக்கும். பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு. பார்த்ததும் தூக்கிக் கொஞ்சத் தோன்றும், வாயில் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, பூனையும் சத்தமும் எட்டாத இருட்டான இடத்தில் விடுங்கள். ஓரிரு மணி நேரம் கழித்து மரங்கள் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ எழவே முடியாமல் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தேறிய குருவி பெட்டி விளிம்பில் ஒரு நிமிடம் நின்று பார்க்கும், பிறகு தாழப் பறந்து புதருக்குள் போய்விடும். அன்று சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அந்தப் புதர்ப் பக்கமிருந்து இரட்டை விசில் கேட்கிறதா என்று காது கொடுங்கள்.