அகலமான டயர் போடும் முன் ஆஃப்செட்டைப் பாருங்கள்

தனியாக வாங்கிய அலாய் வீலில் அகலமான டயர் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் டயர் அளவை மட்டும்தான் பார்க்கிறார்கள், ஆனால் எங்கே உரசும் என்பதில் ரிம்மின் அகலத்துக்கும் ஆஃப்செட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, வீல் வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட், அந்த எண் வீலிலேயே ஈ.டி. என்று பொறித்திருக்கும். ஈ.டி. 45 இருந்த இடத்தில் அதே அகலத்தில் ஈ.டி. 35 மாட்டினால் வீல் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். சரி, ஆஃப்செட்டை மாற்றாமல் ரிம்மை மட்டும் 1 அங்குலம் அகலப்படுத்தினால்? இரண்டு பக்கமும் சுமார் 13 மி.மீ. கூடும், உள்பக்கம் ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தண்டு) இருப்பது அப்போதுதான் பலருக்கு ஞாபகம் வரும்!

மொத்த விட்டம் பழைய டயரை ஒட்டியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். டயர் அளவில் முதல் எண் அகலம் மி.மீ.-இல், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, ஆர்-க்குப் பின் வருவது ரிம் விட்டம் அங்குலத்தில். 205/55 ஆர்16-க்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் விட்டத்தில் 2, 3 மி.மீ. வித்தியாசம்தான். இந்த 225 டயருக்கு 7 முதல் 8.5 அங்குல ரிம் பொருந்தும். குறுகலான ரிம்மில் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கி, வளைவில் ஸ்டீயரிங் தளர்வாகத்தான் இருக்கும், அப்புறம் அகல டயர் எதற்கு?

டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் லோடு இண்டெக்ஸ் எண் பழையதைவிடக் குறையவே கூடாது.

மாட்டியதும் ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள், பின்சீட்டில் ஆட்களை ஏற்றி மேடு பள்ளத்திலும் ஓட்டிப் பாருங்கள், காலி வண்டியில் உரசாதது அப்போது உரசலாம். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) மறுபடி சரிபாருங்கள்.