கரிசல் வீட்டுக்கு என்ன செடி வைப்பது?

கோவில்பட்டிப் பக்கம் தோட்டம் போட்டுத்தரச் சொல்லி அழைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, தண்ணீர் அதிகம் கேட்காத செடியாகப் பார்த்து வையுங்கள்." கோடையில் குடிதண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊரில் அது நியாயமான பேச்சு. ஆனால் அதோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: வைத்த இடத்தில் நிற்குமா, ஊரெல்லாம் பரவுமா? வறட்சியைத் தாங்கும், விறகு தரும் என்று நம்பி 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம்தான் சீமைக்கருவேலம். இன்று கண்மாய்க்குள் இறங்கினால் வேறு மரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தூரோடு தோண்டாமல் வெட்டிய இடங்களில் எல்லாம் அது மறுபடி துளிர்த்து நிற்கிறது.

ஒரு செடி பரவுமா என்று அறிய எளிய வழி உண்டு. வாங்குவதற்கு முன் ரயில் பாதை ஓரத்தையும் தரிசு நிலத்தையும் ஓடைக்கரையையும் ஒரு நடை பார்த்து வாருங்கள். யாரும் நடாமல், மற்றதை எல்லாம் அமுக்கிக்கொண்டு அதே செடி கூட்டமாக நின்றால் அது உங்கள் வீட்டுக்கு வேண்டாம். வண்ணப்பூவுக்காக விற்கும் உண்ணிச்செடி, சீக்கிரம் வளரும் என்று தரும் சூபாபுல் இரண்டும் இந்த வகை. கோனோகார்ப்பஸ் என்ற வேலி மரத்தையும் நான் வைப்பதில்லை. பச்சைச் சுவர்போல நிற்கும் என்று ஆசைகாட்டுவார்கள். குஜராத் அரசு 2023இல் அதை நடவே தடைவிதித்தது. அதற்காக வெளிநாட்டுச் செடி எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. காகிதப்பூ பிரேசில் பக்கத்துச் செடி. நம் பக்கம் விதை கட்டிப் பரவுவதில்லை, வெயிலில்தான் நன்றாகப் பூக்கிறது. தாராளமாக வையுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஆவாரை. நெஞ்சளவு வளரும், மஞ்சளாகப் பூத்துக்கொண்டே இருக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் வீட்டிலேயே பூ கிடைக்கும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் அதன் இலையில் முட்டையிடும். புழு கொஞ்சம் இலையைத் தின்னும், மருந்து அடிக்காதீர்கள், செடி தானே மீளும். இதை நாற்றாக வாங்காமல் விதையாகப் போடுவதே நல்லது. காய்ந்த காய் தட்டையாக, காகிதம்போல மெல்லியதாக இருக்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் ஒரு தனி அறை. விதைத்தோல் கடினம். கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பிய விதைகளை மட்டும் எடுத்து, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே விரற்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். ஆணிவேர் தடையில்லாமல் கீழே இறங்குவதால் அடுத்தடுத்த கோடைகளில் அதுவே ஈரத்தைத் தேடிக்கொள்ளும். பையில் வளர்ந்த நாற்றுக்கு வேர் சுருண்டு கிடக்கும். வேறு வழியின்றி வாங்கினால் அடியில் சுருண்ட வேரைக் கத்தரித்துவிட்டு நடுங்கள்.

நிழலுக்கு வேம்பும் புங்கமும் போதும். சுவரை விட்டுத் தள்ளி நடவேண்டும்; கரிசல் கோடையில் வெடித்து மழையில் உப்பும், அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் மரமும் சேர்ந்தால் சுவரில் விரிசல் காணும். வேலிக்கு நொச்சி, ஆடாதோடை. ஆடு இரண்டையும் கடிக்காது. மழைக்கு முன் கிளுவைக் கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றினால் முள்வேலியே கிடைக்கும். சுவரோரக் கம்பியில் பிரண்டை ஏற்றுங்கள், துவையலுக்கு ஆகும். அரளி நல்ல வறட்சிச் செடிதான், ஆனால் எல்லா பாகமும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்க நான் சம்மதிப்பதில்லை. புல்தரை கேட்டால் மறுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் சரளை பரப்பி நடுவே சோற்றுக்கற்றாழை வைத்தால் பார்க்கவும் அழகு, தண்ணீரும் மிச்சம்.

நடும் காலம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழைதான் நமக்குப் பெருமழை. அதன் முதல் ஈரத்தில் நட்டால் கோடைக்குள் வேர் பிடித்துவிடும். செம்மண்ணில் செடியைச் சற்றுப் பள்ளத்தில் வைப்பார்கள். கரிசலில் அப்படிச் செய்தால் தண்ணீர் நின்று வேர் அழுகும்; மண்ணை மேடாகக் கூட்டி அதன்மேல் நட்டு, சுற்றிலும் வட்டமாக வாய்க்கால் இழுத்துவிடுங்கள். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட வாரம் ஒருமுறை ஒரு குடம் ஊற்றுவது மேல். மேலோட்டமான ஈரத்துக்குப் பழகிய வேர் கீழே போகாது. இரண்டாவது கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதன் பிறகு மழையே போதும். மாசி பிறப்பதற்குள் செடியைச் சுற்றி மண்ணை மறைத்து மூடாக்குப் போட்டுவிட வேண்டும். எங்கள் பக்கம் பருத்திமாரும் கடலைத்தோலும் சும்மாவே கிடைக்கும். மூடாக்கு இருந்தால் நிலம் வெடித்து வேர் அறுவது பெரிதும் குறையும்.

ஆட்டு எரு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சீமைக்கருவேலக் காயைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதை சாவதில்லை, புழுக்கையோடு முளைக்கத் தயாராக வெளியே வரும். எருவைக் குவித்து, நனைத்து, நன்றாக மக்கவைத்த பிறகே குழியில் போடுங்கள். அப்படியும் மழைக்குப் பிறகு ஒன்றிரண்டு தலைகாட்டும். மண் ஈரமாக இருக்கும்போதே, முள் வைப்பதற்குள், வேரோடு பிடுங்கிவிடுங்கள்.