பரந்தனில் இறங்குவோருக்கும் குடியிருக்க வருவோருக்கும்

கிளிநொச்சி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில், ஏ9 வீதியிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்கு ஏ35 வீதியும் மேற்கே பூநகரிக்கு மற்றொரு வீதியும் பிரியும் இடம் பரந்தன் சந்தி. அங்குள்ள கடைகளின் வியாபாரம் பெரும்பாலும் இந்தப் பிரிவை நம்பியே நடக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பேருந்து இச்சந்தியிலேயே கிழக்கே திரும்பிவிடும் என்பதால், கிளிநொச்சிக்குச் செல்ல வேண்டியவர் அதில் ஏறினால் இங்கே இறங்கி மாற நேரிடும். அதே வழியில் முல்லைத்தீவுக்குப் போவதற்குக் கிளிநொச்சியில் ஏறும் புதியவர், பேருந்து முதலில் யாழ்ப்பாணப் பக்கமாக ஓடுகிறதே என்று கலங்க வேண்டியதில்லை. மேற்கு வீதியால் பூநகரியை அடைந்தால், 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் ஊடாக ஆனையிறவைத் தொடாமலே யாழ்ப்பாணம் செல்லலாம். விரைவுத் தொடருந்துகளிற் சில பரந்தனில் நிற்பதில்லை. கிளிநொச்சியில் இறங்குவதே நிச்சயமான வழி.

வாடகைக்கு வீடு பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல, கிணற்று நீரைப் பற்றி. ஒரு வாய் குடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்த வீட்டுக் கேத்தலின் உட்புறத்தையும் பாருங்கள். அடியில் வெள்ளைப் படலம் தடிப்பாகப் படிந்திருந்தால் குடிநீருக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டிவரும். வாய்க்கால் ஓடும் மாதங்களில் அதையண்டிய கிணறுகளில் நீர் உயர்ந்திருக்கும். ஆகவே ஆவணி, புரட்டாதியில் கிணறு எப்படி இருக்கும் என்று அயலவரிடம் கேட்பது நல்லது. வீட்டுக்காரர் இதற்குச் சரியான பதில் சொல்வார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்தது வெள்ளம். 2018 டிசம்பரில் கடும் மழையோடு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கனகராயன் ஆற்றின் கீழ்ப்புறமாக உள்ள முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. சுவருக்குப் புதிதாக நிறம் பூசியிருந்தாலும் கதவு நிலையின் அடிமரம் பொய் சொல்லாது. அது உப்பி உழுத்திருந்தால், அந்த வருடம் நீர் எதுவரை நின்றது என்று விசாரியுங்கள்.

காணி வாங்க எண்ணுபவர் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். வன்னியின் குடியேற்றக் காணிகளிற் பல, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணிகள், அதாவது அரச அனுமதிப்பத்திரத்தின் பேரில் வைத்திருப்பவை. அவற்றை உறுதிக் காணியைப் போல விற்கவோ வாங்கவோ இயலாது. தரகரின் பேச்சை நம்பி முற்பணம் கொடுப்பதற்கு முன், பத்திரத்தின் பிரதியுடன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் சென்று வாருங்கள்.

மோட்டார் சைக்கிளில் திரிபவர்கள் காலபோக அறுவடை நாட்களில் வீதியோரத்தில் காயும் நெல்லுக்கு விலகி ஓட வேண்டும். இருட்டிய பின் ஏ35 இல் வேகம் வேண்டாம். கட்டாக்காலி மாடுகள் தாரின் சூட்டுக்காக நடு வீதியிலேயே படுத்திருக்கும்.