அவே ஆட்டமும் டிஷ்யூ தாளும்: ஆள் தேர்வைப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடை. மேசையில் நான்கு தே தாரிக், ஒரு கோப்பி ஓ கோசோங், யாரோ பாதி தின்றுவிட்டு வைத்த பரோட்டா. பதினோரு மணி காற்பந்து ஆட்டத்துக்கு யார் யார் இறங்குவார்கள் என்று டாக்சி ஓட்டும் அண்ணன் டிஷ்யூ தாளில் எழுதிக்கொண்டிருப்பார். “அண்ணே, அவன எதுக்கு வெளிய உக்கார வெக்கிறீங்க? போன வாரம்தான் ரெண்டு கோல் போட்டான்லா!” என்று தேசிய சேவையில் இருக்கும் தம்பி எகிறுவான். அண்ணன் பேனாவை மூடமாட்டார், பெயரையும் மாற்றமாட்டார்.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கைப் பின்தொடரும் நம்மவர்கள் கூடும் இடங்களில் எல்லாம் இந்தக் காட்சி உண்டு. நானும் லிவர்பூல் ரசிகன் என்பதால் பல வருடங்களாக இதில் மூக்கை நுழைத்து வருகிறேன். சொந்தத் திடலில் நடக்கும் ஆட்டம் என்றால் எங்கள் கணிப்பு ஓரளவு தேறும். வெளியூர் ஆட்டம், அதாவது எதிரணியின் திடலில் நடக்கும் ‘அவே’ ஆட்டம் என்றால்தான் கவிழ்கிறோம். காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நாங்கள் எழுதுவது குழுவின் சிறந்த பதினொருவர். குழு நிர்வாகி எழுதுவதோ அந்த நாளுக்கு, அந்தத் திடலுக்கு, அடுத்து வரும் ஆட்டத்தையும் மனத்தில் வைத்து. இரண்டும் வேறு வேறு பட்டியல்.

‘ஜெயித்த குழுவில் கை வைக்கமாட்டார்கள்’ என்ற நம்பிக்கையில் இருந்து தொடங்கலாம். இதைவிடப் பிடிவாதமான தவறு எனக்குத் தெரிந்து இல்லை. 2009 டிசம்பரில் வுல்வ்ஸ் குழு டாட்டன்ஹாம் திடலுக்குப் போய் 1-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஆட்டம். நிர்வாகி மிக் மெக்கார்த்தி என்ன செய்தார் தெரியுமா? கோல் காப்பாளரைத் தவிர மற்றப் பத்து பேரையும் மாற்றிவிட்டார். வென்ற குழுவை! 3-0 என்று தோற்றார்கள். காசு கொடுத்துப் பயணம் போன வுல்வ்ஸ் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் அவர் கண் அந்த ஆட்டத்தில் இல்லை. ஐந்து நாள் கழித்து, தன் குழுவைப் போலவே லீக்கில் தப்பிக்கப் போராடிய பர்ன்லியுடன் சொந்தத் திடலில் வரவிருந்த ஆட்டத்தில் இருந்தது. அதில் 2-0 என்று வென்றார்கள். சீசன் முடிவில் 15ஆம் இடம், கீழ்நிலை லீக்குக்கு இறங்காமல் தப்பித்தார்கள். முழுப் பலமான குழுவை இறக்கவில்லை என்று லீக் நிர்வாகம் 25,000 பவுண்ட் அபராதம் போட்டு, அதை நிறுத்தியும் வைத்தது.

சரி, இது புத்திசாலித்தனம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அடுத்த ஆண்டு நவம்பரில் பிளாக்பூல் நிர்வாகி இயன் ஹாலோவே இதே வேலையை வில்லா பார்க்கில் செய்தார். பத்து மாற்றங்கள். அந்த இரண்டாம் வரிசைக் குழு ஆஸ்டன் வில்லாவுக்குத் தண்ணி காட்டிவிட்டு, கடைசி நிமிடங்களில் வாங்கிய கோலால் 3-2 என்று தோற்றது. அவர்களுக்கும் அதே 25,000 அபராதம். சீசன் முடிவில் பிளாக்பூல் 39 புள்ளிகளுடன் கீழிறங்கியது. ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்துத் தப்பித்த குழு எது? அதே வுல்வ்ஸ், 40 புள்ளிகள். இந்த இரண்டு கதையையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் மேசையில் கொஞ்ச நேரம் சத்தம் அடங்கும்.

ஆக, டிஷ்யூ தாளில் பெயர் எழுதும் முன் பார்க்க வேண்டியது நாள்காட்டி. போன ஆட்டம் எப்போது, அடுத்த ஆட்டம் எப்போது, இரண்டில் எது முக்கியம்? வியாழன் இரவு ஐரோப்பியக் கிண்ண ஆட்டம் ஆடிவிட்டு விமானம் ஏறி வந்த குழு, ஞாயிறு மதியம் இன்னொரு ஊரில் ஆட வேண்டியிருக்கும். அனைத்துலக ஆட்டங்களுக்கான இடைவேளை முடிந்த முதல் வாரம் இன்னும் மோசம். தென்னமெரிக்காவில் நாட்டுக்காக ஆடியவர் வியாழக்கிழமைதான் இங்கிலாந்தில் கால் வைத்திருப்பார். சனி மதியம் 12.30 ஆட்டத்தில் அவரை ஏன் உட்கார வைத்தார்கள் என்று நாம் பொங்கிக்கொண்டிருப்போம்.

இதில் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு மட்டும் ஒரு தனிக் குழப்பம் உண்டு. குளிர்காலத்தில் இங்கிலாந்தைவிட நாம் 8 மணி நேரம் முன்னால், கோடையில் 7 மணி நேரம். அங்கே புதன் இரவு 8 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு வியாழன் அதிகாலை 4 மணி. அங்கே சனி மதியம் 12.30 என்பது நமக்குச் சனி இரவு 8.30. தூக்கக் கலக்கத்தில் நாம் ‘வியாழன் ஆடினான், சனி ஆடறான், நடுவில ஒரே நாள்’ என்று கணக்குப் போடுவோம். ஆட்டக்காரருக்கோ நடுவில் வியாழன், வெள்ளி என்று இரண்டு முழு நாள். கிழமையை எண்ணாமல் மணியை எண்ணினால் வம்பே இல்லை. ஒரு தொடக்க விசிலில் இருந்து அடுத்த தொடக்க விசில் வரை 64 மணி 30 நிமிடம், எந்த ஊரில் இருந்து எண்ணினாலும் அதேதான். அப்புறம், அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும். இரவு 10 மணி ஆட்டம் 11 மணிக்குப் போய்விட்டதை மறந்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்த ஆள் நான்தான். கடைசி எம்ஆர்டியை நம்பி வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திடலின் அளவை எங்கள் மேசையில் யாருமே பேசுவதில்லை. எல்லாத் திடலும் ஒன்றுதான் என்று நினைப்பு. மான்செஸ்டர் சிட்டியின் எத்திஹாட் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஃபுல்ஹாமின் கிரேவன் காட்டேஜ் 100 மீட்டர் நீளம், 65 மீட்டர் அகலம். பெருக்கிப் பாருங்கள். 640 சதுர மீட்டர் குறைகிறது. பக்கவாட்டில் ஓட்டத்தையே நம்பியிருக்கும் விங்கருக்கு அங்கே மூச்சு முட்டும். நெரிசலில் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்பவருக்கும், கார்னரில் தலையால் முட்டுபவருக்கும் அதே இடம் கொண்டாட்டம். போன வாரம் ஓல்டு டிராஃபோர்டில் பறந்தவன் இந்த வாரம் வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்றால் நிர்வாகியோடு சண்டை என்று கதை கட்டாதீர்கள். மூன்று மீட்டர் அகலம்கூடக் காரணமாக இருக்கலாம்.

நம்மூர் லீக்கைப் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஜாலான் புசார் அரங்கத்தில் செயற்கைப் புல். ‘அவர் தெம்பனிஸ் ஹப்’ (Our Tampines Hub) அரங்கத்திலும் அதேதான். முழங்கால் தேய்ந்துபோன முப்பத்தைந்து வயது ஆட்டக்காரரை அதில் தொண்ணூறு நிமிடம் ஓடவிட நிர்வாகி யோசிப்பார். ஆனால் ‘அவே’ என்ற சொல்லுக்கே நம்மூரில் பெரிய அர்த்தம் இல்லை என்பது வேறு விஷயம். தெம்பனிஸ் ரோவர்சும் கேலாங் இண்டர்நேஷனலும் ஒரே ஹப்பைச் சொந்தத் திடலாக வைத்திருந்த காலத்தில், வெளியூர்க் குழுவுக்குத் தன் உடைமாற்றும் அறையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்க முடியும். உண்மையான வெளியூர்ப் பயணம் என்றால் புருணை டிபிஎம்எம் குழுவைப் பார்க்க பண்டார் ஸ்ரீ பகவானுக்கு விமானம் ஏறியதுதான். அந்தக் குழு 2015லும் 2019லும் நம் லீக்கை வென்று கிண்ணத்தை அங்கே கொண்டுபோனது.

வெளியூர் என்றாலே தற்காப்புக்கு ஐந்து பேரை நிறுத்திவிட வேண்டும், ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்று பேசுவது பழைய பழக்கம். வெற்றிக்கு மூன்று புள்ளி என்ற கணக்கில், மூன்று வெளியூர் ஆட்டத்தில் மூன்றும் சமநிலை என்றால் 3 புள்ளி. ஒன்றை வென்று இரண்டைத் தோற்றாலும் அதே 3 புள்ளி. அதனால் பல நிர்வாகிகள் தாக்குதலில் வேகமான ஒருவரை வைத்தே இறங்குகிறார்கள். எதிரணி சொந்த ரசிகர்கள் முன் மேலே ஏறி வரும், பின்னால் இடம் விடும், அந்த இடத்தில் ஓட ஒருவன் வேண்டும்.

சொந்தத் திடலின் பலம் பற்றிப் பேசும்போது 2020-21 சீசனை மறக்கக் கூடாது. கொவிட் காரணமாகப் பெரும்பாலான ஆட்டங்கள் காலி அரங்கில் நடந்தன. 380 ஆட்டங்களில் வெளியூர்க் குழு வென்றது 153, சொந்தத் திடல் குழு வென்றது 144, சமநிலை 83. அதற்கு முன் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் வெளியூர் வெற்றி இப்படி முந்தியதே இல்லை. தன் திடலான ஆன்ஃபீல்டில் லீக் ஆட்டங்களில் 68 முறை தோல்வியே காணாத என் லிவர்பூல், பர்ன்லியிடம் தோற்றதில் தொடங்கி வரிசையாக ஆறு ஆட்டங்களைச் சொந்தத் திடலிலேயே தோற்றது. அந்த ஆறு இரவுகளை நான் இன்னும் மறக்கவில்லை. காயங்களும் நிறைய இருந்தன, எல்லாவற்றையும் காலி நாற்காலி மீது போட முடியாது. ஆனால் கூட்டத்தின் சத்தம் புள்ளிப் பட்டியலில் ஏறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. அறிமுக ஆட்டத்தில் கால் நடுங்கும் பத்தொன்பது வயதுப் பையனை எதிரணிக் கூட்டத்தின் முன் முதன்முறை இறக்க நிர்வாகிகள் தயங்குவதும் இதனால்தான்.

சில சமயம் ஆள் தேர்வு நிர்வாகியின் கையிலேயே இருக்காது. 2020 அக்டோபர் 4, வில்லா பார்க்கில் ஆஸ்டன் வில்லாவுடன் என் லிவர்பூலின் ஆட்டம். கோல் காப்பாளர் அலிசன் பயிற்சியில் தோளில் அடிபட்டு வெளியே, தாக்குதல் ஆட்டக்காரர் மானேவுக்குக் கொவிட். மாற்றுக் கோல் காப்பாளர் அட்ரியன் நான்காவது நிமிடத்தில் பந்தைத் தவறாகத் தட்ட, முதல் கோல். 7-2 என்று தோற்றோம். இங்கே திங்கள் அதிகாலை. வேலைக்குப் போகணுமே என்ற கவலையோடு வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அதைவிட வினோதம் 2006 மே மாதம் டாட்டன்ஹாமுக்கு நடந்தது. கடைசி நாள், வெஸ்ட் ஹாம் திடலில் ஆட்டம், வென்றால் நான்காம் இடம் உறுதி. முந்தின இரவு ஹோட்டலில் பல ஆட்டக்காரர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 2-1 என்று தோற்றார்கள், ஆர்சனல் முந்திவிட்டது. லசான்யாவில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. பரிசோதனையில் சாப்பாட்டில் குறை எதுவும் தெரியவில்லை, காரணம் ஒரு வைரஸ் என்றார்கள். வெள்ளிக்கிழமை செய்தியாளர் சந்திப்பில் நிர்வாகி சொன்னதை வேதவாக்காக எடுக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு ஆட்டங்களும் போதும். அவர் பொய்யே சொல்லியிருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில் ஒரு பயிற்சியும் ஒரு இரவுச் சாப்பாடும் இருக்கின்றன.

விதிகளில் சறுக்குவது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லீக் கிண்ணம் என்ற தனிப் போட்டியில் வாங்கிய மஞ்சள் அட்டை பிரிமியர் லீக் கணக்கில் சேராது. குழுவின் முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் வாங்கினால்தான் ஓர் ஆட்டத் தடை. நான்கோடு அந்தக் கோட்டைத் தாண்டியவர் அப்போதைக்குப் பிழைத்தார். ஐரோப்பியக் கிண்ணத்தில் வாங்கிய சிவப்பு அட்டை இங்கே செல்லாது. இரவலாக வந்த ஆட்டக்காரர் தன் தாய்க் குழுவுக்கு எதிராக லீக்கில் ஆட முடியாது. 2004இல் போர்ட்ஸ்மத்துக்கு இரவல் போன லுவாலுவா, தன் சொந்தக் குழுவான நியூகாசலுக்கு எதிராகவே கடைசி நேரத்தில் கோல் போட்டு 1-1 ஆக்கியதெல்லாம் அந்தக் காலம். வெளியூர் கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்பது ஐரோப்பியக் கிண்ணங்களின் இரு கட்ட ஆட்டத்துக்கான விதி. அதையும் 2021இல் எடுத்துவிட்டார்கள். லீக் ஆட்டத்தில் ‘அவே கோல், ரெண்டு மடங்கு’ என்று இன்னமும் சொல்லும் மாமா ஒருவர் எங்கள் மேசையில் இருக்கிறார். அவரோடு வாதாடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

கடைசியாக ஒன்று. தொடங்கும் பதினொருவரைப் பற்றியே அடித்துக்கொள்கிறோம், வெளியே உட்காரும் ஒன்பது பேரை யாரும் எழுதுவதில்லை. 2022-23 சீசனில் இருந்து பிரிமியர் லீக்கில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம். கோல் காப்பாளரை விட்டுவிட்டால் பாதிக் குழு. முதல் அறுபது நிமிடம் எதிரணியை ஓடவிட்டுக் களைக்க வைக்க ஒரு பட்டியல், அதன்பின் அடித்து முடிக்க இன்னொரு பட்டியல் என்று வெளியூர் ஆட்டத்தைப் பிரித்து ஆடும் நிர்வாகிகள் இப்போது அதிகம். தம்பியின் ‘ரெண்டு கோல் போட்டவன்’ அந்த இரண்டாம் பட்டியலில் இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். அதிகாரபூர்வப் பட்டியல் வந்துவிட்டது. அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிஷ்யூ தாளோடு ஒத்துப் பார்ப்பார். எட்டுப் பேர் சரி.

“பாத்தியா தம்பி, எட்டு சரி. மீதி மூணு பேரத்தான் அந்த ஆளு தப்பா எழுதிட்டாரு.”